கொத்து வேலைக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பேங்கில் கவுன்டரில் இருந்தவனுக்கு நேரத்தின் அருமை தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பின் காவலாளியின் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறாள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் 'அடிப்படை கட்டடப் பொறியியல்' இருக்கிறது. அதில்தான் சேருவேன் என்கிறாள். அவள் அம்மா கட்டட வேலையில் சித்தாள். அந்த அம்மா என்னிடம் வந்து, "சார், நான் கலவை தூக்குனது போதாதா? எம் பொண்ணும் சட்டி தூக்கணுமா? நீங்க சொன்னா கேப்பா சார்" என்று கண்கலங்கினார்.

முன்பாக இருந்தால் அந்த நிமிடமே "காமர்ஸ் எடும்மா" என்று சொல்லியிருப்பேன். இந்த முறை வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

1998-ல் என் அக்கா மகன் இதே போன்ற ஒரு பிரிவில் சேர ஆசைப்பட்டான். "கொத்தனார் வேலைக்கு எதுக்குடா ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம்?" என்று கேட்டு, நானே அழைத்துப் போய் காமர்ஸில் சேர்த்தேன். பேங்கில் இருக்கிற மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவனுக்குப் பற்று எது, வரவு எது என்பது கடைசி வரை பிடிபடவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டான். கடைகளில் வேலை பார்த்தான். முப்பது வயதுக்கு மேல் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்து, இன்று சிறு வீடுகள் கட்டிக் கொடுக்கிறான். தொழில் நன்றாகத் தெரியும். ஆனால் வரைபடத்துக்கும் மதிப்பீட்டுக்கும் இன்னொருவருக்குப் பணம் கொடுக்கிறான். "அப்பவே படிச்சிருந்தா இதை நானே போட்டிருப்பேன் மாமா" என்று ஒரு நாள் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அது சாதாரணமாக இல்லை.

அதனால் இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லும் முன், அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அந்த முதல் வருடம் பிளஸ் ஒன் சேர்ந்தவன் நான். ஆனாலும் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

கட்டுமானப் பொருள்கள், கட்டும் முறை, நில அளவை, வரைபடம், மதிப்பீடு, அதோடு செய்முறை. படிக்கப் படிக்க, இதுவும் என்னுடைய கணக்குதான் என்று புரிந்தது. உதாரணம் சொல்கிறேன். தர அளவுச் செங்கல், கலவையோடு சேர்த்து 20 செ.மீ. நீளம், 10 அகலம், 10 உயரம். அப்படியானால் ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 கல். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. கனமுள்ள சுவருக்கு 900 கல். 1,200 கல்லுக்குப் பில் வந்தால் கேள்வி கேட்கலாம் அல்லவா?

கொத்தனார் நூல் பிடித்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை சரி. கணக்கு வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்த எனக்கு அது சுவருக்கு உதவும் என்று யாரும் காட்டவில்லை. ஈர மணல் உப்பிக் கொள்ளும். அதைச் சட்டியால் அளந்தால் உண்மையில் மணல் குறைவாகத்தான் விழும். கலவை எளிதாக ஓடட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் கான்கிரீட்டின் பலம் குறையும். சாதாரண சிமென்ட் கான்கிரீட்டை குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள். நம் மொட்டை மாடித் தளத்தை இரண்டே நாள் நனைத்துவிட்டுப் போனார்கள். நாம் யாராவது கேட்டோமா? கேட்க நமக்குத் தெரியவில்லை. இரண்டாவது மழையில் ஒழுகியபோதுதான் தெரிந்தது.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "அம்மா, நீங்க இத்தனை வருஷமா சட்டி தூக்கறீங்க. உங்க கையில யாராவது தூக்குக் குண்டையும் ரசமட்டத்தையும் குடுத்தாங்களா?" அவர் சிரித்துவிட்டார். ஆண் எடுபிடியாக வந்தால் சில வருடத்தில் கொத்தனார் ஆகிறார். பெண் சித்தாளாக வந்தால் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். அந்தக் கரண்டியையும் வரைபடத்தையும் ஒரு பெண் பிள்ளையின் கையில் முறையாகக் கொடுக்கிற இடம் பள்ளிக்கூடம்தான்.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு இல்லை. இருக்கிற இடத்தில் ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறைக்குக் கருவிகள் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். இதைப் படித்து மருத்துவம் போக முடியாது. ஆனால் பாதை அடைபடுவதும் இல்லை. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பெற்றோர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. அந்த அம்மா பதிவே செய்யவில்லை. விண்ணப்பத்தை நான் பூர்த்தி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். படிவம் நிரப்புவதில் எனக்கு முப்பத்தைந்து வருட அனுபவம்!

கடைசியாக, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: அடுத்த மாதம் நம் மொட்டை மாடியில் தளத்தைக் கொத்தி எடுத்து, வாட்டம் சரி செய்து மறுபடி போடப் போகிறோம். அந்தப் பள்ளி மாணவர்கள் ஆசிரியரோடு வந்து ஓரமாக நின்று பார்க்க சங்கம் அனுமதிக்க வேண்டும். வாட்டத்தை அவர்களே லெவல் டியூப் வைத்து அளந்து பார்க்கட்டும். நமக்கும் அது ஒரு தணிக்கை.

இரண்டு: உங்கள் வீட்டுப் பிள்ளையோ, வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளையோ, "கட்டட வேலை படிக்கிறேன்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன். அதன் விலையை என் அக்கா மகன் கொடுத்தான்.

அந்தப் பெண் திங்கட்கிழமை சேர்க்கைக்குப் போகிறாள். கூட யார் போவது என்று அவள் அப்பா கேட்டார். இந்த முறையும் நானே போகிறேன்.