செய்யும் வேலையும் சர்க்கரை நோயும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சர்க்கரை நோய் என்றதும், "அப்பாவுக்கு இருந்ததா, அம்மாவுக்கு இருந்ததா?" என்று கேட்கிறோம். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும்.

சுவீடனில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்களில் வாகன ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்களிடம் இந்நோய் அதிகம். கணினித் துறையினரிடம் குறைவு.

இதைக் கேட்டு நம் ஐ.டி. பிள்ளைகள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம்! அதிகம் பாதிக்கப்பட்டவர்களிடம் உடல் எடை, புகைப்பழக்கம் கூடுதல்; உடற்பயிற்சி குறைவு. நாற்காலியை விட்டு எழாதவருக்கு வேலையின் பெயர் பாதுகாப்புத் தராது.

இரவுப் பணி இன்னொரு சிக்கல். இரவில் நம் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. பகலில் சாப்பிடும் அதே சாப்பாடு, நள்ளிரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், மாறி மாறி இரவுப் பணி பார்த்த ஆண்டுகள் கூடக்கூட நோய் வாய்ப்பும் கூடியது. எடை கூடுவதும் இதற்கு ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு. இப்போது நம் கேட்டைப் பாருங்கள். 12 மணி நேர இரவு டியூட்டி, தூக்கம் விரட்டச் சர்க்கரை போட்ட டீ, பகலில் அரைகுறைத் தூக்கம். நாம் நிம்மதியாகத் தூங்குவதற்காக விழித்திருப்பவரின் நிலை இது.

ஆகவே சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: அடுத்த ரத்தப் பரிசோதனை முகாமில் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், ஓட்டுநர்கள், சமையல் செய்பவர்கள் அனைவரையும் சேர்ப்போம்.

இரண்டு: ஒருவரே தொடர்ந்து இரவுப் பணி பார்க்காதபடி, 8 மணி நேர ஷிப்ட் பற்றி ஏஜென்சியிடம் பேசுவோம். சம்பளம் குறையக் கூடாது. கூடும் செலவை நாம் பகிர்வோம்.

மூன்று: இரவில் வளாகத்தைச் சுற்றி நடந்து வருவதையும் அவர்கள் பணியாகவே கணக்கிடுவோம்.

நமக்கும் ஒரு வார்த்தை. 30 வயதைத் தாண்டியவர்கள் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ஐத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். போனில் பேசும்போதாவது!