அணு எண் யார் போட்ட எண்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ரிடையர் ஆன வேதியியல் வாத்தியாரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் என்றால் எப்படி? சரி, ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பி.எஸ்ஸி. இறுதியாண்டு வைவாவில் என்னைக் கேட்டார்கள்: "அணு எண் என்றால் என்ன?" "அட்டவணையில் தனிமம் நிற்கும் வரிசை எண், சார்" என்றேன். "அட்டவணை கொடுத்த எண்ணா, அணுவுக்குள்ளேயே இருக்கிற எண்ணா?" என்றார். திருதிருவென்று விழித்தேன். பாஸ் போட்டு அனுப்பிவிட்டார். கேள்வி மட்டும் என்கூடவே வந்துவிட்டது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வருகைப் பதிவேட்டில் என் எண் 31. ஒரு மாதம் கழித்து ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். அகர வரிசையில் எனக்கு முன்னால் வந்தான். நான் 32 ஆகிவிட்டேன். ஆனால் நான் அதே ஆள்தானே? 1913 வரை அணு எண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். அணு எடைப்படி நிற்க வைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணினார்கள்.

அணுவின் நடுவில் மின்னூட்டமுள்ள கரு இருப்பதை 1911இல் ரூதர்ஃபோர்டு காட்டினார். தங்கத்தின் கருவுக்குச் சுமார் 100 அலகு என்று கணக்கிட்டார். உண்மையில் அது 79. வரிசை எண்தான் கருவின் மின்னூட்டமோ என்று முதலில் ஊகித்தவர் வான் டென் புரூக் என்ற டச்சு வழக்கறிஞர்!

அந்த ஊகத்தைச் சோதித்தவர் ஹென்றி மோஸ்லி. 1913இல், மான்செஸ்டரில், கால்சியம் முதல் துத்தநாகம் வரையிலான தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்தார். கருவின் இழுப்பு கூடினால் கதிரின் அதிர்வெண்ணும் கூடும். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சமமான படிகளாக ஏறியது. ஒரு தனிமம், ஒரு படி. அந்தப் படிதான் கருவில் கூடும் ஒரு அலகு மின்னூட்டம்.

கோபால்ட்டின் எடை 58.93, நிக்கலின் எடை 58.69. எடைப்படி நிக்கல்தான் முந்த வேண்டும். மோஸ்லியின் அளவில் கோபால்ட் 27, நிக்கல் 28. எடை தோற்றது, மின்னூட்டம் ஜெயித்தது. 43, 61, 75 ஆகிய படிகளில் ஆளே இல்லை என்றும் சொன்னார். 75 கிடைத்தது 1925இல், 43 கிடைத்தது 1937இல், 61 கிடைத்தது 1945இல். ஆள் வருவதற்கு முன்பே எண் இருந்தது, பாருங்கள்!

1920இல் சாட்விக் ஆல்ஃபா துகள்களைச் சிதறவிட்டு நேரடியாகவே அளந்தார். செம்புக்கு 29.3, வெள்ளிக்கு 46.3, பிளாட்டினத்துக்கு 77.4 என்று வந்தது. அட்டவணையில் அவை 29, 47, 78. புரோட்டான் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு புரோட்டானுக்கும் ஒரு அலகு நேர் மின்னூட்டம். நியூட்ரான் எத்தனை சேர்ந்தாலும் எடைதான் கூடும், மின்னூட்டம் கூடாது. சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் அயனிக்குத்தான் +1. கரு அதே +11தான்.

இதை எல்லாம் நான் வாத்தியாரான பிறகு படித்தேன். ஆனால் வகுப்பில் என்ன செய்தேன்? "அணு எண் = புரோட்டான்களின் எண்ணிக்கை" என்று போர்டில் எழுதினேன், போர்ஷனை முடித்தேன். என்னை விழிக்க வைத்த கேள்வியை ஒரு மாணவனிடம்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

மோஸ்லி முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்ட் 10 அன்று, கலிபோலியில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களின் வயது.

தம்பி, தங்கைகளே, புத்தகத்தில் ஒரு எண்ணைப் பார்த்தால் மனப்பாடம் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, "இதை யார், எப்படி எண்ணினார்கள்?" என்று உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள். அவர் விழித்தால் விழிக்கட்டும்.