பெரிய முதலாளி மளிகைக் கடை வைப்பது ஏன்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் ரிலையன்ஸ் கம்பெனி 2006-ல் ஹைதராபாத்தில் காய்கறிக் கடை திறந்தது. கோடிகளைப் புரட்டுகிறவர்களுக்குக் கத்தரிக்காய் வியாபாரம் எதற்கு? நமக்குச் சேவை செய்யவா? கணக்கைப் பார்ப்போம்.

முதல் காரணம், ரொக்கம். ஆலையில் போட்ட பணம் இயந்திரமாகி, நூலாகி, விற்றுத் திரும்பப் பல காலம் ஆகும். கடையில் அப்படியல்ல. சரக்குக் கொடுத்தவருக்கு 30 நாள் தவணை என்று வையுங்கள். சரக்கு 10 நாளில் ரொக்கமாகி விடுகிறது. மீதி 20 நாளும் ஊரார் பணம் கடை முதலாளி கையில்!

இரண்டாவது, கொள்முதல் பலம். நூறு கடைக்கு ஒருவரே வாங்கினால், விலை சொல்வது விவசாயி அல்ல, வாங்குகிறவர். விவசாயிக்கு விலை குறைந்தால் முதல் வெட்டு உங்கள் கூலியில்தான்.

மூன்றாவது, சர்க்கார் திறந்துவிட்ட கதவு. மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு நூறு அந்நிய மூலதனத்தை 1997-ல் அனுமதித்தார்கள். ஜெர்மன் கம்பெனி மெட்ரோ 2003-ல் பெங்களூரில் மொத்தக் கடை திறந்தது. 2012-ல் சில்லறையிலும் 51 சதம் வரை அனுமதித்தார்கள். மாநில சர்க்கார் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்நாடு சம்மதிக்கவில்லை.

புதியவர் வந்தால் போட்டி வளரும், விலை குறையும் என்கிறார்கள். நடந்தது என்ன? மெட்ரோவின் இந்தியக் கடைகளை 2023-ல் ரிலையன்ஸே வாங்கிவிட்டது. போட்டி ஏகபோகத்தில் போய் முடிகிறது.

தெருக்கோடிக் கடைக்காரர் யோக்கியர் என்று நான் வாதாடவில்லை. எடை குறைப்பார், கடனுக்கு விலை ஏற்றுவார். ஆனால் கதவடைப்பு நாட்களில் பற்று எழுதி அரிசி கொடுத்தவரும் அவர்தானே?

லாபத்துக்காக மட்டுமே கடை திறக்க முடியும் என்பதில்லை. 1844-ல் இங்கிலாந்தில், ராச்டேல் என்னும் ஆலை ஊரில், நெசவாளர் முதலான 28 தொழிலாளர் 28 பவுன் சேர்த்துக் கடை வைத்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சில பொருள்கள்தான் சரக்கு. கலப்படமில்லை, சரியான எடை. மிச்சத்தை வாங்கியவர்களுக்கே பங்கிட்டார்கள். நம் சென்னை திருவல்லிக்கேணியிலும் 1904-ல் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பண்டகசாலையின் பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறீர்கள்? நாம் காலியாக விடும் நாற்காலியில் வியாபாரி வந்து உட்காருவான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், கணக்கைக் கேளுங்கள்!