சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்ததில்லை. பார்சல் அலுவலகத்தில் ரசீதுகளோடும் எடைக் கணக்கோடும் காலம் கழிப்பவர் நாம். இலக்கியம் பேச வல்ல பெரியோர் பலர் இவ்வவையில் இருக்க, நம்மையும் பேசப் பணித்தது சங்கத்தாரின் அன்பு. ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் இதே மண்டபத்தில் நாம் அனைவரும் கண்டு களித்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் திரைப்படத்தைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறோம்.

அப்படத்தைத் திரையிடலாமா என்று செயற்குழுவில் விவாதம் எழுந்தது தாங்கள் அறிந்ததே. “அறுபது ஆண்டுகளுக்கு முந்திய படம், நம் பிள்ளைகளுக்கோ தமிழ் தட்டுத் தடுமாறியே வருகிறது, பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவார்கள்” என்றனர் சிலர். உண்மையை மறைப்பானேன்? அவ்வாறு கூறியவர்களுள் நாமும் ஒருவர்.

1964-ஆம் ஆண்டு வெளிவந்த வண்ணப்படம் அது. ‘கல்யாண பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முதலிய படங்களால் மக்களைக் கண்ணீர் சிந்த வைத்த ஸ்ரீதர் அவர்களே, கோபு அவர்களின் துணையோடு இந்தச் சிரிப்பு விருந்தையும் படைத்தார். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையும், கண்ணதாசன் பாடல்களும், வின்சென்ட்டின் ஒளிப்பதிவும் அவ்விருந்துக்குச் சுவை கூட்டின. காதலுக்காக ஏழை இளைஞன் பணக்காரனாக நடிக்கிறான். அவனுடைய நண்பன் நரைத்த தாடியுடன் அவனுக்கே தந்தையாக வேடம் புனைகிறான். கதை இவ்வளவே. ஆயினும் இத்தனை ஆண்டுகளாக மக்கள் நினைவில் நிற்பது, தந்தை விசுவநாதனாக வரும் பாலையாவும், மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் அந்தக் காட்சியே.

‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று படக் கம்பெனி தொடங்கிவிட்ட மகன், பணம் தரவேண்டிய தந்தைக்குத் திகில் கதை ஒன்றைச் சொல்கிறான். கதை சொல்பவர் சிரிப்பதில்லை, கேட்பவரும் சிரிப்பதில்லை. ஒருவர் தொழில் சிரத்தையோடு பயமுறுத்துகிறார். மற்றவர் உண்மையாகவே பயப்படுகிறார். நகைச்சுவையின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. நடிப்பவர் தாமே சிரித்துவிட்டால் நமக்குச் சிரிக்க என்ன மிச்சம்? இலையில் பரிமாறுகிறவரே பாயசத்தைக் குடித்துவிட்ட கதையாகும் அது. அக்காலத்தில் வில்லன் வேடங்களில் மிரட்டிய பாலையா, இங்கே குழந்தைபோல் மிரண்டு விழிக்கிறார். வசனமே இல்லாமல் முகத்தினாலேயே பதில் சொல்கிறார்.

நாகேஷ் அவர்கள் திரைக்கு வருமுன் நம்மைப் போலவே ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். மேடையில் வயிற்றுவலி நோயாளியாகச் சிறிது நேரமே தோன்றி எம்.ஜி.ஆர். அவர்களின் பாராட்டைப் பெற்றவர். 2009-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, நம் வீட்டு மனிதரே போய்விட்டதுபோல் வருந்தினோம்.

இப்படத்தை ஸ்ரீதரே 1966-இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அதே காட்சியில் நடித்தனர். ஆகையால் அன்று நம்மோடு வந்திருந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வடநாட்டு நண்பருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நமக்கு முன்பாகவே சிரித்தார் அவர்!

இனி, நம் வீட்டுச் செய்தி ஒன்று. நம் தாயார் காலமான பின், ஊரில் தனித்திருந்த தந்தையாரை இங்கே அழைத்து வந்தோம். அவருக்கு இந்தி தெரியாது. நம் மகனுக்குத் தமிழ் சரியாக வராது. “சாப்பிட்டாயா?” “சாப்பிட்டேன் தாத்தா.” ஓராண்டாக இருவருக்கும் நடந்த உரையாடல் இவ்வளவே. அன்றிரவு அந்தக் காட்சியில் பையன் தாத்தாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டான். தாத்தா துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தாயார் போனபின் அவர் சிரித்து நாம் கண்டது அன்றுதான்.

மறுநாள் மாலை, பையன் தாத்தாவின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “தாத்தா, நான் கதை சொல்றேன். நீங்க பயப்படணும். சிரிக்கக் கூடாது” என்றான். இரண்டு வாக்கியத்தில் கதை நின்றுவிட்டது. அவனிடம் சொல் இல்லை. “தாத்தா, உல்லூவுக்குத் தமிழ்லே என்ன?” “ஆந்தை.” இப்படியே இருட்டும், காலடியும், தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாகத் தாத்தாவிடம் கடன் வாங்கப்பட்டன. வட்டியில்லாக் கடன்! அன்று தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. வேண்டாமென்று வாக்களித்த நாம், வாசற்படியில் நின்று அதைக் கேட்டு வருகிறோம்.

ஆகவே நாம் சங்கத்தாரிடம் வேண்டிக்கொள்வது ஒன்றே. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாதென்று தமிழை அவர்களிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு மாலை இம்மண்டபத்தைத் திறந்து விடுங்கள். முதியோரும் பிள்ளைகளும் எதிரெதிரே அமர்ந்து கதை சொல்லட்டும். செலவு ஒரு ஜமக்காளமும் ஒரு பானைத் தண்ணீருமே.

நம் தந்தையார் இதோ இரண்டாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இவ்வளவு சொல்லியும் அவர் முகத்தில் சிறு சலனமும் இல்லை. பாலையாவிடம் கற்றுக்கொண்டது போலும்!