ஆவி பிடிக்கிற சட்டியும் காம்பராவுக்குள் விளையாடுகிற பிள்ளையும்
(பிள்ளைக்காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். பாதிப்பேர் இடுப்பில் கட்டிய படங்கு இன்னும் ஈரமாக இருக்கிறது. அதனால் நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. இன்றைக்கு ஆவி பிடிக்கிறதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

“இதையுமா எங்களுக்குச் சொல்லித் தரணும்?” என்று பின்னால் ஒரு அக்கா சிரிக்கிறார். நியாயம்தான். மழை தொடங்கி மூக்கடைத்தால் நம்ம லயங்களில் முதலில் அடுப்பில் ஏறுவது அந்தச் சட்டிதான். நொச்சி, துளசி, எலுமிச்சை இலை, கருப்பந்தைல இலை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுக் கொதிக்க வைப்போம். நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆவி பிடிக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

2021இல் கொரோனா வந்தபோது எல்லா லயத்திலும் ஆவி பிடித்தார்கள். நாங்களும் வீடு வீடாகப் போய், “பெரியவர்கள் ஆவி பிடியுங்கள், நெஞ்சுக்கு லேசாக இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த கிழமை ஒரு தாத்தா காம்பராவின் நடுவே, சிமெந்துத் தரையில் சட்டியை இறக்கி வைத்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்திருக்கிறார். மூன்று வயதுப் பேத்தி, தாத்தா ஒளிந்து விளையாடுகிறார் என்று நினைத்துக் கம்பளிக்குள் நுழைந்துவிட்டாள். சட்டி கவிழ்ந்தது. வயிறும் இரண்டு தொடையும் வெந்துபோயின. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடி வந்து பற்பசையைப் பூசினார்கள். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போது அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தை நாங்கள் வெளியில் நின்று கேட்டோம்.

அந்தத் தாத்தாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே ஒரு காம்பரா. அதிலேதான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். சட்டியை வேறெங்கே வைப்பார்? ஆவி பிடிக்கச் சொன்ன நாங்கள், சட்டியை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தோம்.

சட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மடியிலும் வேண்டாம். ஆடாத மேசை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுவரோடு ஒட்டிப் போட்ட வாங்கின் மேல், அகலமான பேசினுக்குள் சட்டியை வையுங்கள். கவிழ்ந்தாலும் தண்ணீர் பேசினுக்குள் நிற்கும். பாதிச் சட்டித் தண்ணீர் போதும். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, முகத்தை ஒரு அடிக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள். ஐந்து நிமிடம் தாராளம். கம்பளி வேண்டாம், மெல்லிய துவாய் போதும். அந்த நேரம் பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். முடிந்த கையோடு தண்ணீரைக் கொண்டுபோய்க் கானில் ஊற்றிவிட வேண்டும். “ஆறட்டும், அப்புறம் ஊத்தலாம்” என்று வைக்கிற சட்டியில்தான் பிள்ளை கை வைக்கும்.

நுவரெலியா போல உயரமான இடங்களில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் மேட்டுத் தண்ணீர் சுடாது என்று சிலர் சொல்வதுண்டு. 60 பாகைத் தண்ணீரே சின்னப்பிள்ளையின் தோலைச் சில செக்கனில் ஆழமாகச் சுட்டுவிடும்.

இலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புல்லுக்கு மருந்தடித்த மலையின் ஓரத்தில் இலை பறிக்காதீர்கள். மருந்து வந்த கேனை எத்தனை தரம் கழுவினாலும் அதில் தண்ணீர் பிடிக்கக்கூடாது. கருப்பந்தைலப் போத்தலும் கற்பூரமும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கொஞ்சம் வாயில் போனாலும் வலிப்பு வரலாம். இழுப்பு உள்ளவர்களுக்கு இந்த வாசனையே முட்டைக் கூட்டிவிடும். அவர்கள் ஆவியை விட்டுவிட்டு, டாக்டர் தந்த மருந்தைப் பாவிப்பதே நல்லது.

ஆவி மூக்கடைப்பைக் கொஞ்ச நேரம் இளக்கும், உடம்புக்கு ஒரு சுகம் தரும். அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது, நெஞ்சுச் சளிக் காய்ச்சலைச் சுகமாக்காது. சின்னப்பிள்ளைகளுக்கு ஆவியே வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு ஒரு சின்னக் கரண்டி தேன் கொடுக்கலாம், அதற்குக் கீழே தேன் கூடாது. ஈர விறகுப் புகையில் பிள்ளையை வைத்துக்கொண்டு சளிக்கு மருந்து தேடுவதிலும் பிரயோசனம் இல்லை. அடுப்பு எரிகிற நேரம் இஸ்தோப்பில் வைத்திருங்கள்.

பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கு வந்தாலோ, அதற்கு மேலே போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, பேர் போகுமே என்று பார்க்க வேண்டாம். அன்றைக்கு மலைக்குப் போகாமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கணக்கப்பிள்ளையிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

சுடுதண்ணீர் பட்டுவிட்டால் உடனே சட்டை, வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிப்போனதைப் பிடுங்க வேண்டாம். பீலித் தண்ணீரைச் சுட்ட இடத்தில் மட்டும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். நம்ம தண்ணீர் குளிர் கூட, அதனால் மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு புறப்படுங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமான மேல் டிவிசன்காரர்கள் பிள்ளையைப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவர யாருடைய ஓட்டோ என்று இப்போதே பேசி வைத்து, அவர் நம்பரைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதிவிடுங்கள். போகும்போது எங்களிடமும் அந்த நம்பரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.