நாளைக்கு என்ன?

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் "ஆபீஸும் போயிட்டு வீட்லயும் எப்படிச் சமைக்கிறீங்க, டைம் எங்க இருக்கு?"ன்னு கேட்டிருந்தீங்க. டைம் மேனேஜ்மென்ட் டிப்ஸ் சொல்லலாம்னுதான் குறிப்பு எழுத உக்காந்தேன். எழுத எழுத அது வேற எங்கயோ போயிடுச்சு. அதையே பேசிடறேன்.

நான் விருதுநகர்ப் பையன். சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு வருஷம் திருவல்லிக்கேணில மேன்ஷன். ரூம்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாது. கெட்டில்ல முட்டை அவிச்சு மேனேஜர்கிட்ட மாட்டினதுதான் அங்க என்னோட மொத்த சமையல் அனுபவம். அப்புறம் நானும் ஒரு ஃப்ரெண்டும் மந்தைவெளில வீடு எடுத்தோம். கிச்சன் இருந்துச்சு. ஆனா ஒரு வருஷம் அந்த அடுப்புல மேகி மட்டும்தான் வெந்துச்சு. மத்ததெல்லாம் ஆப்ல ஆர்டர்தான்.

ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல. மந்தைவெளில பறக்கும் ரயில் ஏறினா அஞ்சாவது ஸ்டேஷன் திருவான்மியூர். ரயில் டிக்கெட் அஞ்சு ரூபா, கால் மணி நேரத்துல போயிடலாம். அதுக்கப்புறம் ஓ.எம்.ஆர். நடு ரோட்டுல மெட்ரோ வேலை, ரெண்டு பக்கமும் தகரத் தடுப்பு. திரும்பி வரும்போது ஆபீஸ் வாசல்லேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒன்றரை மணி நேரம். எட்டரை மணிக்கு ஷூவக் கழட்டும்போது வெங்காயம் உரிக்கிற தெம்பு யாருக்கு இருக்கும்?

போன வருஷம் ஆபீஸ்ல எடுத்த ஹெல்த் செக்கப்ல சுகர் எல்லைக்கோட்டுல நின்னுச்சு. வயசு 27. டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு "நைட் எத்தன மணிக்குச் சாப்பிடறீங்க?"ன்னு கேட்டாரு. "பத்தரை, பதினொன்னு"ன்னேன். அவர் ஒன்னும் சொல்லல, நிமிர்ந்து பாத்தாரு, அவ்வளவுதான். அன்னைக்கு ரயில்லேர்ந்து இறங்கினதும் அம்மாவுக்குப் போன் போட்டு ரசம் கத்துக்கிட்டேன். நெல்லிக்காய் அளவு புளி, ரெண்டு தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போடணும். "கொதிக்க விட்றாத தம்பி, நுரை கட்டினதும் இறக்கிடு." அந்த ஒரு வரி எந்த யூட்யூப் வீடியோலயும் எனக்குப் புரியுற மாதிரி கிடைக்கல.

சமைக்க ஆரம்பிச்சப்பதான் ஒன்னு புரிஞ்சுது. அடுப்படில நிக்கிற முக்கால் மணி நேரம் பெரிய கஷ்டமே இல்ல. அதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள ஓடுறதுதான் கஷ்டம். காலைல கிளம்பும்போதே கொண்டக்கடலை ஊறப்போட ஞாபகம் வரணும். மல்லித்தழை வாங்கி மூணு நாள் ஆச்சு, இன்னைக்கு தீக்கலன்னா அழுகிடும். உறைமோருக்கு ஒரு ஸ்பூன் தயிர் மிச்சம் வைக்கணும். இட்லி மாவு மே மாசம் அஞ்சு மணி நேரத்துல பொங்கி வழியும், டிசம்பர்ல அசையவே அசையாது. இது எல்லாத்தையும் ஓ.எம்.ஆர் பஸ்ல கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே யோசிக்கணும்.

நம்ம பாஷைல சொன்னா, இது புரொடக்ஷன் சப்போர்ட். எதுவும் உடையாத வரைக்கும் அப்படி ஒரு வேலை நடக்குறதே யாருக்கும் தெரியாது. ஆபீஸ்ல ஆன்-கால் வாரா வாரம் ஆள் மாறும். எங்க வீட்ல அந்த ரோட்டால ஒரே பேர்தான் இருந்துச்சு.

எங்க அம்மா தினம் நைட் பாத்திரம் கழுவி முடிச்சுட்டு வந்து கேப்பாங்க, "நாளைக்கு என்ன வைக்க?" அப்பா பேப்பர்லேர்ந்து தலையத் தூக்காம "ஏதாவது வை"ம்பாரு. நான் "ஏதாவது பண்ணும்மா"ம்பேன். ரொம்ப நல்ல பிள்ளையா பதில் சொல்றதா எனக்கு நெனப்பு, எதையும் கட்டாயப்படுத்தலையே! உண்மைல அவங்க உதவி கேட்டிருக்காங்க, நாங்க அந்த வேலைய அப்படியே அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்திருக்கோம்.

இது தானா எனக்குத் தோணினதில்ல. ஜனவரில அம்மா துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் ஒரே பையன். ஒரு வாரம் ஊர்ல இருந்து வேல பாத்தேன், அதுக்கு மேல விடல. அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டேஜ் ஸ்டேஜா டிக்கெட் விலை இன்னும் மனப்பாடம். ஆனா துவரம்பருப்பு எந்த டப்பால இருக்குன்னு தெரியாது.

கிளம்புறதுக்கு முன்னாடி அவருக்குச் சாதமும் பருப்பும் ரசமும் சொல்லிக் குடுத்தேன். அம்மா சேர்ல உக்காந்து, கட்டுப்போட்ட கையத் தூக்கித் தூக்கி ரெண்டு பேரையும் திருத்திக்கிட்டே இருந்தாங்க. அப்பா ஒரு நோட்டுல ரசத்த ஸ்டேஜ் போட்டு எழுதி வச்சாரு. ஸ்டேஜ் 1, புளி ஊறப்போடுதல். ஸ்டேஜ் 6, நுரை, இறக்கம். சிரிப்பா இருந்துச்சு. ஆனா அந்த நோட்டுலதான் வண்டி ஓடுச்சு.

மூணாவது வாரம். நான் திருவான்மியூர் பிளாட்ஃபாரத்துல நிக்கிறேன், அப்பா போன். "தம்பி, நாளைக்கு என்ன வைக்கலாம்?"

வாய்லேர்ந்து தானா வந்துச்சு: "ஏதாவது வைங்கப்பா."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் பின்னாடிலேர்ந்து அம்மா குரல், "இப்பத் தெரியுதா?"

அவங்க அப்பாவக் கேட்டாங்களா, என்னக் கேட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. ரயில் வந்துச்சு, ஏறினேன். உள்ள நின்னுக்கிட்டே, கத்திரிக்கா இருக்கா, கருவாடு இருக்கான்னு ஒன்னொன்னா விசாரிச்சு, மறுநாளுக்குப் புளிக்குழம்புன்னு முடிவு பண்ணினோம். மந்தைவெளி வர்றவரைக்கும் ஆச்சு. ஒரே ஒரு நாள் சாப்பாட்டுக்கு!

மத்திய அரசு 2024-ல எடுத்த டைம் யூஸ் சர்வே ஒன்னு இருக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலைல ஈடுபடுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் செலவழிக்கிறாங்க, ஆண்கள் 88. அந்த நம்பரே போதும் நம்ம யோக்கியதையச் சொல்ல. ஆனா பஸ்ல தொங்கிக்கிட்டு "வெங்காயம் இருக்கா?"ன்னு யோசிக்கிற நேரம் எந்தக் கணக்குல போகும்? அது பயணம்னுதான் பதிவாகும்.

அதனால டைம் கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். காய் நறுக்குறதயும் பாத்திரம் கழுவுறதயும் மட்டும் பங்கு போடாதீங்க. முடிவெடுக்கறதையும் பங்கு போடுங்க. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி கால் மணி நேரம், ஒரு வாரம் நான், ஒரு வாரம் ஃப்ரெண்ட். ஏழு நாளுக்கும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுவோம். அந்த வாரம் ஊறப்போடறது, மளிகை, தயிர் எல்லாம் எழுதினவனோட பொறுப்பு. அடுத்தவன் "ஏதாவது"ன்னு சொல்லக் கூடாது, அதுக்கு அம்பது ரூபா ஃபைன். இதுவரைக்கும் நான்தான் அதிகம் கட்டியிருக்கேன். எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நெனச்சுடாதீங்க, போன வாரம் ரெண்டு நாள் ஆர்டர் பண்ணிதான் சாப்பிட்டோம்.

ஊர்ல கட்டு அவுத்தாச்சு. கை இன்னும் முழுசா மடங்கல, ஃபிசியோ போயிட்டு இருக்காங்க. ராத்திரிச் சாப்பாடு இப்ப அப்பாவோடது, என்ன வைக்கணும்ங்கிறது உட்பட. வாரத்துல நாலு நாள் ரசம்தான் வருதுன்னு அம்மா கம்ப்ளெயின்ட் பண்றாங்க. "நீங்க சொல்லிக் குடுக்கலாம்ல?"ன்னேன். "அவரே யோசிக்கட்டும்"னுட்டாங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்ல "நாளைக்கு என்ன?"ன்னு கேக்கறது யாரு, பதில் சொல்றது யாருன்னு எனக்கு எழுதுங்க. நீங்க இத ரயில்லயோ பஸ்லயோ கேட்டுக்கிட்டு இருந்தா, இறங்கறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு போன் போட்டு, நாளைக்கு என்னன்னு நீங்களே ஒன்னு சொல்லிடுங்க. அடுத்த வாரம் பாப்போம்.