புயலுக்கு முன் எடுக்கும் அளவு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிட்னியில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் வந்திருக்கின்றோம். அங்குள்ள நரபீன்-கொலரோய் கடற்கரையைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம்.

2016 யூன் மாதப் புயலில் அக்கரை 50 மீற்றர் வரை அரிபட்டது. ஒரு வீட்டின் நீச்சல் தடாகமே சரிந்து மணலில் விழுந்தது. பெருக்கு மட்டமும் உயர்ந்திருந்தது; அலைகளும் வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கு, வடகிழக்குத் திசையிலிருந்து வந்தன. ஆனால் போனது எவ்வளவு என்று சொல்ல முடிந்தது, முன்பு இருந்தது எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தபடியால்தான்.

அங்கு 1976 முதல் மாதந்தோறும் அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் கருவி, அளவு குறித்த இரண்டு கம்புகள் மட்டுமே. அசையாத ஓர் அடையாளத்திலிருந்து கடலை நோக்கி இருவர் நடப்பார்கள். பின்னால் நிற்பவர் முன்கம்பின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் பார்த்து, தன் கம்பில் அக்கோடு வெட்டும் அளவை வாசிப்பார். நிலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இப்படியே நீர்விளிம்பு வரை.

புயல் அள்ளும் மணலில் பெரும்பகுதி பெரும்பாலும் கரைக்குச் சற்று அப்பால் கடலடியில் திட்டாகத் தங்கும். அமைதியான நாட்களின் சிற்றலைகள் அதை மாதக்கணக்கில் மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். எல்லாக் கரையும் அப்படி மீள்வதில்லை. எது மீளும், எது மீளாது என்பதை ஆண்டுக்கணக்கான அளவுகளே காட்டும். அளவில்லாத ஊரில் மீளக்கூடிய கரையில் பதறிக் கல்லைக் கொட்டுவோம். மீளாத கரையில் நம்பி வீடு கட்டுவோம்.

1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியை எங்கள் தாய்மார் கூரை பறந்ததையும் தென்னை முறிந்ததையும் கொண்டே நினைவுகூருவர். கரை எதுவரை இருந்தது என்று கேட்டால், "அந்தத் தென்னைமட்டும்" என்று கையைக் காட்டுவர். அந்தத் தென்னை இன்றில்லை.

எனவே மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு கம்பு, ஒரு கயிறு, ஒரு கொப்பி. மாதம் ஒரு நாள், ஆசிரியர் துணையோடு, ஒரே இடத்தில். அக்கொப்பியை அடுத்த வகுப்பிடம் ஒப்படையுங்கள். நூறு ஆண்டுகளாக இப்பாடசாலை வரவுப் பதிவேட்டைக் காத்து வந்திருக்கிறது. கரைக்கும் ஒரு பதிவேடு வைக்க எங்களால் முடியும்.